மோல் என்றால் மச்சமா, ஒற்றனா, கல்சுவரா?

கொஞ்ச நாள் முன்பு ஓர் உளவுத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவு, நீளமான மேசை, சுற்றிலும் இறுகிப்போன முகங்கள். தலைமை அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்கிறார். கீழே தமிழ் சப்டைட்டில் ஓடியது: "நம் அலுவலகத்தில் ஒரு மச்சம் இருக்கிறது." அறையில் இருந்த அத்தனை பேரும் அதிர்ந்து போனார்கள். நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வசனம் போயே போய்விட்டது.

அவர் சொன்ன சொல் 'மோல்'. எம், ஓ, எல், ஈ. நாலே எழுத்து. மொழிபெயர்த்தது ஆளோ இயந்திரமோ, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டது. முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது. மோலுக்கு மச்சம் என்று பொருள் உண்டுதான். ஆனால் மண்ணைத் தோண்டி வாழும் ஒரு சின்னப் பிராணிக்கும் அதுதான் பெயர். எதிரி முகாமுக்குள் வேலைக்குச் சேர்ந்து வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாக இருக்கும் ஒற்றனுக்கும் அதே பெயர். வேதியியல் படித்தவர்களுக்கு மோல் என்றதும் பூஜ்யங்கள் வரிசையாக நிற்கும் ஒரு பிரம்மாண்ட எண் ஞாபகம் வரும். துறைமுகப் பொறியாளரைக் கேட்டால், கடலுக்குள் நீளும் கல்சுவர் என்பார். மெக்ஸிகோக்காரர் குழம்பு என்பார்.

ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு சொல் என்று யார் சொன்னது?

அந்த மச்சத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். தோலில் இருக்கும் கரும்புள்ளி மச்சம். "அவனுக்கு என்னப்பா, மச்சம்!" என்றால் அதிர்ஷ்டம். இரண்டும் வேறு பொருள்தான், ஆனால் சொல் ஒன்றே. உடம்பில் இன்ன இடத்தில் மச்சம் இருந்தால் யோகம் என்ற நம்பிக்கை வழியாக, புள்ளியின் பெயரே அதிர்ஷ்டத்துக்கும் ஆகிவந்தது. சரி, மச்சாவதாரம் என்கிறோமே, அந்த மச்சம்? அது மீன். வடமொழி 'மத்ஸ்ய'த்திலிருந்து வந்தது. தோல் மச்சத்துக்கும் மீன் மச்சத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே வகுப்பில் மூன்று குமார் இருப்பதில்லையா, அதுபோல. கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள். ஆனால் அப்பா வேறு, வீடு வேறு.

ஒரே சொல் பல பொருளாகக் கிளைத்தால் மொழியியல்காரர்கள் அதைப் பாலிசெமி என்பார்கள். வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தால் அது ஹோமோனிமி. பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை, குமார்களை மறக்காதீர்கள். மோலில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. எது சொந்தம், எது வெறும் பெயர் ஒற்றுமை என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் வேடிக்கையே. பார்த்தால் சொந்தம்போல இருப்பவை அந்நியர்களாகவும், சம்பந்தமே இல்லாததுபோல இருப்பவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கின்றன.

துணியில் பட்ட கறை

மச்சத்திலிருந்தே தொடங்குவோம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது 'மால்' என்று, நெடில் ஆகாரத்தோடு இருந்தது. அப்போது பொருள் மச்சம் அல்ல. கறை, முக்கியமாகத் துணியில் பட்ட கறை. அப்புறம்தான் தோலில் இருக்கும் கறைக்கும் அந்தப் பெயர் வந்து, அங்கேயே தங்கிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. தமிழில் மச்சத்துக்கு 'மறு' என்று இன்னொரு பெயர் உண்டு. அதே மறுவைத்தான் 'மாசு மறுவற்ற' என்று சொல்லும்போது களங்கம் என்ற பொருளில் ஆள்கிறோம். கறைக்கும் மச்சத்துக்கும் இரண்டு மொழியிலும் ஒரே பெயர்.

மால் எப்படி மோல் ஆனது? அது மட்டும் தனியாக மாறவில்லை. பழைய ஆங்கிலத்தின் நெடில் ஆகாரம், இடைக்காலத்தில் கூட்டமாக ஓகாரத்தின் பக்கம் நகர்ந்தது. கல்லைக் குறித்த 'ஸ்டான்' ஸ்டோன் ஆனது. வீட்டைக் குறித்த 'ஹாம்' ஹோம் ஆனது. படகைக் குறித்த 'பாட்' போட் ஆனது. அந்த வரிசையில் நின்று மாலும் மோல் ஆகிவிட்டது. ஜெர்மன் மொழியில் இந்த நகர்வு நடக்கவில்லை. அங்கே பிறவி மச்சத்துக்கு இன்றும் 'முட்டர்மால்' என்றுதான் பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், தாய் மறு.

இப்படி ஒலி தேய்ந்து நகரும்போதுதான் அந்நியச் சொற்கள் வந்து மோதிக்கொள்கின்றன. தமிழில் ஆறு என்றால் எண்ணும் ஆகும், நதியும் ஆகும். (சூடு ஆறுவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) சங்கப் பாடல்களில் நதிக்கு 'யாறு' என்ற வடிவத்தைப் பார்க்கலாம். முன்னால் இருந்த யகரம் உதிர்ந்த பிறகு அது போய் எண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டது. இப்போது பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. மோல்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

கறுப்பு வெல்வெட் கோட்டு போட்டவர்

இரண்டாவது மோல் பிராணி. தமிழில் அகழெலி என்கிறார்கள். எலி என்று பெயரில் இருந்தாலும் இது எலி இனமே இல்லை. எலிகளைப்போலக் கொறித்துத் தின்னாது, மண்புழுவும் பூச்சியும்தான் சாப்பாடு. கண்கள் ஊசிமுனை அளவு. முன்னங்கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அகலத்தில், உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பிய மண்வெட்டி மாதிரி இருக்கும். ஐந்து விரல் போதாதென்று பக்கவாட்டில் பொய்க் கட்டைவிரல்போல ஓர் எலும்பு வேறு நீட்டிக்கொண்டிருக்கும். ரோமம் வெல்வெட் துணி மாதிரி. முன்பக்கம் தடவினாலும் பின்பக்கம் தடவினாலும் ஒரே வழவழப்பு, எந்தப் பக்கமும் சாயும். குறுகலான வளைக்குள் திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே நகரவேண்டி வந்தாலும் ரோமம் மண்ணில் சிக்காது.

இந்தப் பெயருக்கும் கறைக்கும் தொடர்பில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் இது 'மொல்லெ' என்று வருகிறது. டச்சு மொழியில் இன்றும் 'மொல்'. ஆங்கிலத்தில் இந்தப் பிராணிக்கு 'மோல்ட்வார்ப்' என்று வேறு ஒரு பழைய பெயரும் உண்டு. மோல்ட் என்றால் மண், வார்ப் என்றால் எறிவது. ஆக, மண் எறிவான். பிராணியைப் பார்த்த யாரோ வைத்த பெயர் என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஜெர்மன்காரர்களிடமும் இந்த மண் எறிவான் இருந்தது, ஆனால் மண்ணுக்கான அந்தப் பழஞ்சொல் வழக்கொழிந்ததும் ஜனங்கள் அதை 'மௌல்' என்று மாற்றிக்கொண்டார்கள். மௌல் என்றால் விலங்கின் வாய். இன்றைய 'மௌல்வுர்ஃப்' என்ற பெயரைப் பிரித்துப் படித்தால் வாயால் எறிவது என்று வரும். பாவம், அது காலால்தான் எறிகிறது. மோல்ட்வார்ப் சுருங்கித்தான் மோல் ஆனது என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டச்சு 'மொல்' பக்கத்திலேயே இருக்கும்போது அப்படிச் சுருக்கித்தான் ஆகவேண்டுமா என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் பிராணி தோண்டித் தள்ளும் மண் குவியலுக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இருக்கிறது. நாம் துரும்பைத் தூணாக்குகிறான் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் அந்தக் குவியலை மலையாக்குகிறான் என்பார்கள். ஆனால் ஒருமுறை அந்தச் சின்னக் குவியல் நிஜமாகவே பெரிய விஷயம் ஆனது. 1702-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம் குதிரையில் போகும்போது குதிரை தடுக்கி விழுந்தது. அகழெலி தோண்டிய குவியலில் கால் இடறியது என்று சொன்னார்கள். அரசருக்குக் காறை எலும்பு முறிந்தது, அதைத் தொடர்ந்து வந்த நோயில் சில நாட்களில் இறந்துபோனார். அவரைப் பிடிக்காத ஜேக்கபைட் கட்சிக்காரர்கள் அதன் பிறகு விருந்துகளில் கோப்பையைத் தூக்கி, 'கறுப்பு வெல்வெட் கோட்டு போட்ட அந்தக் குட்டிக் கனவானுக்கு' என்று வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்களாம். அரசரை வீழ்த்திய அந்த ரகசிய ஆளுக்கு.

இந்த இடத்தில்தான் ஒற்றன் வருகிறான். உளவாளி மோல் தனிச் சொல் அல்ல, இதே பிராணிதான். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தோண்டுகிறவன் என்ற உவமை சொல்லின் பொருளாகவே ஆகிவிட்டது. ஏழாம் ஹென்றி அரசரின் வரலாற்றை எழுதிய பிரான்சிஸ் பேக்கன், 1622-லேயே அரசருக்கு எதிராக அடியில் வேலை செய்தவர்களை மோல்கள் என்று எழுதியிருக்கிறார். ஆனால் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது 1970-களில் வந்த உளவு நாவல்களுக்குப் பிறகுதான். சாதாரண ஒற்றனுக்கும் மோலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒற்றன் வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பான். மோல் உள்ளேயே வேலைக்குச் சேர்ந்து, பதவி உயர்வு வாங்கி, காத்திருப்பான். கிம் ஃபில்பி என்ற ஆங்கிலேயர் 1934-ல் சோவியத் தரப்பில் சேர்ந்தார். 1940-ல் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் நுழைந்து, அங்கே சோவியத் நாட்டை வேவு பார்க்கும் பிரிவுக்கே தலைவராகவும் இருந்தார். 1963-ல் மாஸ்கோவுக்குத் தப்பிப் போனார்.

ஒரு குவியலின் இரண்டு வாரிசுகள்

இதுவரை வந்த மோல்கள் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சரக்கு. அடுத்து வரும் இரண்டும் லத்தீன் வழி. பார்வைக்கு மிகத் தூரமாகத் தெரிவதும் இந்த இரண்டுதான்: துறைமுகத்துக் கல்சுவர், வேதியியல் எண்.

லத்தீனில் 'மோலெஸ்' என்றால் பெரும் குவியல், பாரமான திரள். கட்டியதை இடித்துத் தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் 'டெமாலிஷ்' என்கிறோமே, அதற்குள் இருப்பதும் இதே மோலெஸ்தான். கல்லையும் மண்ணையும் கொட்டிக் கடலுக்குள் எழுப்பும் அணைச்சுவருக்கு இத்தாலி, பிரான்ஸ் வழியாக இந்தப் பெயர் வந்தது. கி.மு. 332-ல் அலெக்ஸாண்டர், டயர் என்ற தீவு நகரத்தைப் பிடிக்கக் கரையிலிருந்து தீவு வரைக்கும் கடலைத் தூர்த்துப் பாதை போட்டார். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதையும் மோல் என்பார்கள். பாதையின் இரண்டு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, அந்தத் தீவு இன்று தீவாகவே இல்லை, லெபனான் கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டாம் உலகப்போரில், பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்தில் நடந்த கதையிலும் ஒரு மோல் உண்டு. 1940 மே கடைசியில் அங்கே மாட்டிக்கொண்ட படைகளை மீட்டபோது, மணலில் வரிசையாக நின்ற வீரர்களின் காட்சிதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் மீண்ட 3,38,226 பேரில் கடற்கரையிலிருந்து ஏறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. மற்றவர்கள் துறைமுகம் வழியாகப் போனார்கள். அதில் பெரும்பங்கு அங்கிருந்த கிழக்கு மோலுக்கு. கப்பல்களை அணைத்து நிறுத்துவதற்கென்று அமைக்காத, ஒடுக்கமான அலைதடுப்புச் சுவர் அது.

இனி வேதியியல். மோலெஸின் செல்லச் சுருக்கம் 'மோலெகுலா', அதாவது குட்டிக் குவியல். இதிலிருந்துதான் 'மாலிக்யூல்', நம் மூலக்கூறு. 1890-களில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் என்ற வேதியியலாளர் அதைக் கத்தரித்து 'மோல்' என்று ஓர் அளவுக்குப் பெயராக்கினார். வேடிக்கையைப் பாருங்கள். பெரிய குவியலைக் குறித்த சொல்லைச் சின்னதாக்கி மூலக்கூறு என்றார்கள். அந்தச் சின்னதின் வாலை வெட்டினால் மறுபடியும் பெரிய குவியல் வந்து நிற்கிறது.

எவ்வளவு பெரியது? ஒரு மோல் தண்ணீர் சுமார் 18 கிராம். மேசைக்கரண்டியில் தளும்பத் தளும்ப எடுத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும், ஒரே மடக்கில் குடித்துவிடலாம். ஆனால் அதில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை 6.022 × 10²³. அதாவது 6022 எழுதி, பின்னால் 20 பூஜ்யம். உலகத்தில் உள்ள 800 கோடிப் பேரும் தூங்காமல், ஆளுக்கு நொடிக்கு ஒன்று என்று எண்ண உட்கார்ந்தாலும் முடிக்க 23 லட்சம் வருடத்துக்கு மேல் ஆகும். டஜன் என்றால் 12 என்பதுபோல மோல் என்றால் இந்த எண், அவ்வளவுதான். பள்ளியில் பலரைப் பயமுறுத்தும் பாடம் இது. 'டஜனின் பெரியப்பா' என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்குப் பாதி பயம் போயிருக்கும். முன்பு 12 கிராம் கார்பன்-12-ல் எத்தனை அணு உண்டோ அத்தனை என்று வரையறை இருந்தது. 2019 மே 20 முதல் எண்ணையே நேரடியாக 6.02214076 × 10²³ என்று நிர்ணயித்துவிட்டார்கள்.

இதில் ஓர் உப கதை உண்டு. அணுக்களின் கூட்டத்தை எண்ண நாம் இன்று பயன்படுத்தும் பெயரைத் தந்த ஆஸ்ட்வால்ட், அந்தக் காலத்தில் அணு என்று ஒன்று இருப்பதையே நம்பவில்லை. அவருக்கு அது கணக்குக்கு உதவும் ஒரு கற்பனை. வெகுநாள் பிடிவாதத்துக்குப் பிறகு, 1909-ல் நோபல் பரிசு வாங்குவதற்குச் சற்று முன்புதான் சான்றுகளைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

இந்த எண்ணைக் கொண்டாட மோல் தினம் என்று ஒன்றும் இருக்கிறது. அக்டோபர் 23, காலை 6:02-லிருந்து மாலை 6:02 வரை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் 10/23, அதாவது 10²³. வேதியியல் ஆசிரியர்கள் அன்றைக்குச் சுவரொட்டியில் வரைவது எதை என்கிறீர்கள்? மூக்குக் கண்ணாடி போட்ட அகழெலியை. சம்பந்தமில்லாத இரண்டு குமார்களைச் சேர்த்து நிறுத்திப் படம் எடுப்பது மாதிரி.

இன்னும் இரண்டு மோல் பாக்கி. லத்தீனில் 'மோலா' என்றால் மாவு அரைக்கும் கல். கடைவாயில் அரைக்கிற பல்லுக்கு 'மோலார்' என்று பெயர் வந்தது இதனால்தான். வேதியியலில் கரைசலின் செறிவு சொல்ல வரும் மோலாருக்கும் இதற்கும் உறவில்லை. கருப்பையில் கரு சரியாக உருவாகாமல், நஞ்சுக்கொடித் திசு திரளாக வளர்ந்துவிடும் நிலையை மருத்துவர்கள் 'மோலார் கர்ப்பம்' என்பார்கள். அது எந்த மோல் தெரியுமா? அதுவும் அரைகல்தான். மருத்துவ அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடுகிறவர் முன்னால் தோல் மச்சம் பற்றிய பக்கங்களும் வந்து விழலாம். அவற்றை அப்படியே ஒதுக்கிவிடலாம், அவை வேறு ஆள். மெக்ஸிகோக் குழம்பு விஷயம் எளிது. அங்கத்திய நாவாட்டில் மொழியில் 'மோல்லி' என்றால் குழம்பு, சாறு. ஸ்பானிய மொழிக்குப் போய் 'மோலே' ஆனது. அவகாடோவை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயின் வாலில் இருப்பதும் இதுவே. எழுத்து மட்டும்தான் ஒன்று, உச்சரிப்பில் கடைசி ஏகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போது எப்படித்தான் பிரித்தறிவது?

அகராதி ஒரு வழி வைத்திருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நல்ல ஆங்கில அகராதியில் மோல் என்ற தலைப்புச் சொல் ஒருமுறை மட்டும் வராது. திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொன்றின் தோளிலும் பொடி எழுத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும். ஓர் எண்ணுக்கு ஒரு குமார். ஒரே தலைப்பின் கீழே அ, ஆ என்றோ 1, 2 என்றோ வரும் பொருள்கள் அந்தக் குமாரின் பிள்ளைகள். அதனால்தான் அகழெலியும் ஒற்றனும் ஒரே தலைப்புக்குக் கீழே இருப்பார்கள், மச்சம் தனித் தலைப்பில் இருக்கும்.

பேச்சிலும் படிப்பிலும் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அங்கே உதவுவது வினைச்சொல். இதைத் தொல்காப்பியம் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. அது பல்பொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபடுபவை, வினையால் வேறுபடாதவை. உரைகாரர்கள் 'மா'வை வைத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அங்கே சுற்றியுள்ள சொற்களைத்தான் பார்க்கவேண்டும். மோலும் அப்படியே. தோண்டுகிறது என்றால் பிராணி. கரைத்தார்கள் என்றால் வேதியியல். 'மோலை அகற்றித் தரப்படும்' என்று ஒரு விளம்பரம் இருந்தால் அது மா வீழ்ந்த கதை. தோல் மருத்துவரும் போடலாம், தோட்டத்தில் வளை தோண்டும் பிராணியைப் பிடிக்கிறவரும் போடலாம்.

அந்தத் தொடர் வசனத்திலோ வினைச்சொல் வெறும் 'இருக்கிறது'. எது வேண்டுமானாலும் இருக்கலாம். சாத்திய கதவும் தாழ்ந்த குரலும்தான் துப்பு, அவை எழுத்தில் வராது. வசனத்தை மட்டும் தனியாக எடுத்து மொழிபெயர்த்தால் மச்சத்தில் போய் முடிவதில் ஆச்சரியமில்லை.

சரி, அங்கே என்ன போட்டிருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். உளவாளி என்றால் பொருள் வருகிறது, உள்ளே இருந்துகொண்டே தோண்டுகிற அந்தப் பிராணி காணாமல் போகிறது. அகழெலி என்று போட்டால் மச்சம் அளவுக்கே சிரிப்பு வரும். அப்புறம்தான் தோன்றியது, அந்தப் பிராணியின் தயவே இல்லாமல் அதே தோண்டலைத் தமிழ் எப்போதிருந்தோ வைத்திருக்கிறது. 'நம்ம கூட இருந்தே எவனோ குழி பறிக்கிறான்.'